கடின வார்ப்பிரும்பைத் துருவுதல்: வெட்டு நிலைமைகளும் விளைவுகளும்

கடின வார்ப்பிரும்புத் துருவல் என்பது, சாதாரணச் சாம்பல் வார்ப்பிரும்பைவிட இரண்டு மூன்று மடங்கு கடினமான வார்ப்பிரும்பு வகைகளை, பல பற்களைக் கொண்ட சுழலும் கருவியால் சீவி வடிவப்படுத்தும் வேலை ஆகும். தொழிற்கூடங்களில் இதை மில்லிங் என்றும், கருவியைக் கட்டர் என்றும் அழைப்பர். தேங்காய் துருவும்போது மூடியைக் கையால் நகர்த்துகிறோம், துருவியின் பல் சீவுகிறது. துருவல் எந்திரத்திலும் வேலைப்பொருள் மேசையோடு நகர்கிறது, கட்டர் சுழன்று சீவுகிறது.

இந்த வேலையின் விளைவு பெரும்பாலும் நான்கு வெட்டு நிலைமைகளைப் பொறுத்தது: வெட்டு வேகம், ஊட்டம், வெட்டு ஆழம், வெட்டு அகலம். இரும்பு கடினமாக இருந்தால் நான்கையும் குறைத்து வைத்துவிட்டால் போதும் என்ற எண்ணம் பயிற்சி மாணவர்களிடம் பரவலாக உண்டு. இது பாதிதான் சரி. வெட்டு வேகத்தைக் கூட்டினால் கருவியின் ஆயுள் குறைகிறது. ஊட்டத்தைக் கூட்டினால் பரப்பு சொரசொரப்பாகிறது, ஆனால் அளவுக்கு மீறிக் குறைத்தாலோ கருவி வெட்டாமல் உராய்ந்து வீணாகிறது. ஆழத்தைக் குறைத்தால் சுமை குறைகிறது, ஆனால் வார்ப்படத்தின் மேல்தோலுக்குள்ளேயே கருவி ஓடினால் சீக்கிரம் பழுதாகிறது. ஒவ்வொரு நிலைமையும் வேறொரு விளைவை ஆள்கிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

வார்ப்பிரும்பு கடினமாவது எப்படி

வார்ப்பிரும்பில் கார்பன் ஏறத்தாழ 2 முதல் 4 சதவீதம் வரையும், சிலிக்கன் பெரும்பாலும் 1 முதல் 3 சதவீதம் வரையும் இருக்கும். உருகிய இரும்பு உறையும்போது இந்தக் கார்பன் எந்த வடிவம் எடுக்கிறது என்பதே கடினத்தைத் தீர்மானிக்கிறது.

மெதுவாகக் குளிர்ந்தால் கார்பன் கிராஃபைட்டுச் செதில்களாகப் பிரிகிறது. உடைத்துப் பார்த்தால் முகம் சாம்பல் நிறமாக இருப்பதால் இதற்குச் சாம்பல் வார்ப்பிரும்பு என்று பெயர். கிராஃபைட்டு மென்மையானது. வெட்டும்போது அது உயவுப்பொருள் போலச் செயல்படுவதுடன், சீவப்படும் துணுக்கு நீளாமல் உடைந்து விழவும் உதவுகிறது. ஆகவே சாம்பல் வார்ப்பிரும்பு துருவுவதற்கு எளிது. அதன் கடினம் பெரும்பாலும் 150 முதல் 250 பிரினெல் அளவில் இருக்கும்.

வேகமாகக் குளிர்ந்தால் கார்பன் பிரிய நேரம் கிடைப்பதில்லை. அது இரும்புடன் சேர்ந்து சிமென்டைட்டு என்னும் மிகக் கடினமான சேர்மமாகிறது. உடைந்த முகம் வெண்மையாக இருப்பதால் இது வெள்ளை வார்ப்பிரும்பு. இதன் கடினம் 400 பிரினெல்லைத் தாண்டும். அச்சுக்குள் உலோகத் துண்டுகளைப் பதித்து, குறிப்பிட்ட பகுதியை மட்டும் வேகமாகக் குளிரவைத்து வெள்ளையாக்குவதும் உண்டு. உருட்டாலை உருளைகளும் சில எஞ்சின்களின் கேம் தண்டுகளும் இவ்வாறு செய்யப்படுகின்றன. மேல்தோல் தேயாது, உள்ளே இருக்கும் சாம்பல் பகுதி அதிர்வைத் தாங்கும்.

மூன்றாவது வகை உயர் குரோமிய வார்ப்பிரும்பு. இதில் 12 முதல் 30 சதவீதம் வரை குரோமியம் சேர்க்கப்படுகிறது. குரோமியக் கார்பைடுகள் சிமென்டைட்டைவிடவும் கடினமானவை. சுரங்கக் குழம்பையும் அனல் மின் நிலையச் சாம்பல் நீரையும் இறைக்கும் பம்புகளின் சுழலிகள், தாது அரைக்கும் ஆலைகளின் உட்தகடுகள் போன்றவை இந்த இரும்பில் வார்க்கப்படுகின்றன. நான்காவதாக, கார் உடல்தகடுகளை அழுத்தும் பெரிய அச்சுகள். இவற்றைச் சாம்பல் அல்லது உருண்டைக் கிராஃபைட்டு வார்ப்பிரும்பில் வார்த்து, தேயும் விளிம்புகளை மட்டும் தீச்சுடரால் சூடாக்கிக் கடினப்படுத்துவர்.

இவற்றைத் தவிர, யாரும் விரும்பாமலே வந்துசேரும் கடினமும் உண்டு. சாம்பல் வார்ப்படத்தின் மெல்லிய விலாக்களும் கூர்மையான மூலைகளும் மற்ற இடங்களைவிட வேகமாகக் குளிர்ந்து வெள்ளையாகிவிடுகின்றன. கோயம்புத்தூர் போன்ற பம்பு உற்பத்தி நகரங்களில் சாம்பல் வார்ப்பிரும்பு உறைகளைத் துருவும் சிறு பட்டறைகளுக்கும் இது பொருந்தும். பரப்பு முழுவதும் சீராக ஓடிய கட்டர், மூலைக்கு வந்ததும் கீச்சிட்டுப் பல் உடைந்துபோனால், அங்கே வெள்ளை இரும்பு இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். எந்திரத்தில் ஏற்றுமுன் மூலைகளை ஓர் அரத்தால் தேய்த்துப் பார்ப்பது எளிய சோதனை. அரம் பிடித்தால் சாம்பல் இரும்பு, வழுக்கினால் கடின இரும்பு. குரோமியம் போன்ற கலப்புகள் இல்லாத வார்ப்படமாக இருந்தால், சுமார் 900 செல்சியசில் வைத்து மெதுவாக ஆறவிட்டு அந்தக் கடினத்தைப் போக்கலாம்.

கருவிக்கும் கார்பைடுக்கும் நடக்கும் போட்டி

கடின வார்ப்பிரும்பின் உள்ளமைப்பு சரளைக்கல் கலந்த கான்கிரீட் போன்றது. கடினமான அடித்தளத்தில் அதைவிடக் கடினமான கார்பைடுத் துகள்கள் பதிந்திருக்கின்றன. கருவியின் முனை ஒவ்வொரு முறையும் இந்தத் துகள்களில் மோதிச் செல்ல வேண்டும்.

விக்கர்ஸ் அளவீட்டில் ஒப்பிட்டால் நிலைமை புரியும். சிமென்டைட்டு ஏறத்தாழ 800 முதல் 1100 வரை, உயர் குரோமிய இரும்பின் கார்பைடுகள் 1200-க்கு மேல், கருவிகளில் பயன்படும் டங்ஸ்டன் கார்பைடு வகைகள் ஏறத்தாழ 1300 முதல் 1900 வரை. அதாவது, வெட்டும் பொருளுக்கும் வெட்டப்படும் துகளுக்கும் இடையில் உள்ள கடின வேறுபாடு மிகக் குறைவு. வெட்டும் இடம் சூடேறினால் அந்தச் சிறு வேறுபாடும் குறைந்துவிடும். மணல் தாளில் தேய்த்ததுபோல முனை தேய்வதற்கு இதுவே காரணம்.

டங்ஸ்டன் கார்பைடுக் கருவிகளை நம் பட்டறைகளில் விடியா என்பர். ஜெர்மனியின் குருப் நிறுவனம் 1920-களில் விற்பனைக்குக் கொண்டுவந்த கருவியின் வணிகப் பெயர் அது. வைரத்தைப் போன்றது என்று பொருள்படும் ஜெர்மன் சொற்களின் சுருக்கம். பெயர் அப்படி இருந்தாலும், வைரத்துக்கு அடுத்த கடினம் உள்ள பொருள் கனசதுர போரான் நைட்ரைடு ஆகும். இதைச் சுருக்கமாக சி.பி.என். என்பர். அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் 1957-இல் ராபர்ட் வென்டார்ஃப் இதை முதலில் உருவாக்கினார். சி.பி.என். முனைகளின் கடினம் 3000 விக்கர்ஸ் அளவை எட்டும், சூட்டிலும் பெரிதாகக் குறையாது. வைரம் இன்னும் கடினமானது என்றாலும், வெட்டும் சூட்டில் அதன் கார்பன் இரும்புடன் வினைபுரிவதால் இரும்பு வெட்ட உதவாது.

நான்கு நிலைமைகள்

வெட்டு வேகம்: பல்லின் முனை இரும்பின் மீது ஓடும் வேகம். மீட்டர்/நிமிடத்தில் அளக்கப்படும். இது சுழற்சி எண்ணிலிருந்து வேறுபட்டது. ஒரே சுழற்சியில் பெரிய கட்டரின் முனை அதிக வேகத்தில் ஓடும்.

நிமிடச் சுழற்சி = (1000 × வெட்டு வேகம்) ÷ (3.1416 × கட்டர் விட்டம்)

ஊட்டம்: பட்டறை வழக்கில் ஃபீடு. ஒரு பல் வந்து அடுத்த பல் வருவதற்குள் மேசை நகரும் தூரம் பல் ஊட்டம் எனப்படும். இதை மில்லிமீட்டரில் குறிப்பர்.

மேசை வேகம் = பல் ஊட்டம் × பற்களின் எண்ணிக்கை × நிமிடச் சுழற்சி

வெட்டு ஆழம்: ஒரு தடவையில் பரப்பிலிருந்து கீழே இறங்கும் அளவு.

வெட்டு அகலம்: கட்டர் விட்டத்தில் எவ்வளவு பகுதி இரும்புக்குள் இருக்கிறது என்பது.

வெட்டு வேகத்தின் விளைவு

நான்கில் கருவி ஆயுளை அதிகம் பாதிப்பது வெட்டு வேகம்தான். அமெரிக்கப் பொறியாளர் எஃப். டபிள்யூ. டெய்லர் பல ஆண்டுச் சோதனைகளுக்குப் பின் 1906-இல் வெளியிட்ட முடிவு இன்றும் பாடநூல்களில் உள்ளது. வெட்டு வேகத்தையும், கருவி ஆயுளின் ஓர் அடுக்கையும் பெருக்கினால் மாறாத எண் கிடைக்கும் என்பதே அது. அந்த அடுக்கு எண் கருவிப் பொருளைப் பொறுத்தது. கார்பைடுக் கருவிகளுக்கு 0.2 முதல் 0.3 வரை என்று எடுத்துக்கொள்வது வழக்கம்.

அடுக்கு 0.25 என்று வைத்து ஒரு கணக்குப் பார்ப்போம். நிமிடத்துக்கு 30 மீட்டர் வேகத்தில் ஒரு முனை 40 நிமிடம் உழைக்கிறது. வேகத்தை 36 மீட்டருக்குக் கூட்டினால் ஆயுள் சுமார் 19 நிமிடமாகிவிடும். 20 சதவீத அவசரம் பாதி ஆயுளைத் தின்றுவிட்டது. வேகத்தை 24 மீட்டருக்குக் குறைத்தால் ஆயுள் சுமார் 98 நிமிடம். வேலை நேரம் 25 சதவீதம் கூடும், ஆனால் ஒரு முனை சீவித்தரும் பரப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகும். வார்ப்படம் பெரிதாக இருந்து, நடுவில் முனை மாற்றினால் பரப்பில் படி விழும் என்ற நிலையில் இந்த வேறுபாடு மிக முக்கியம்.

எனவே கார்பைடு முனை கொண்டு கடின வார்ப்பிரும்பைத் துருவும்போது வேகம் நிமிடத்துக்குச் சில பத்து மீட்டர் அளவிலேயே வைக்கப்படுகிறது. அதே முனை சாம்பல் வார்ப்பிரும்பில் 150 மீட்டருக்கு மேலும் ஓடும்.

சி.பி.என். முனைக்கு இந்த விதி அப்படியே பொருந்தாது. வேகம் கூடும்போது வெட்டும் இடத்தில் பிறக்கும் சூடு, அந்த இடத்து இரும்பைச் சற்று இளக்குகிறது. சி.பி.என். அதே சூட்டில் தன் கடினத்தைக் காத்துக்கொள்வதால் வெட்டுவது எளிதாகிறது. மாறாக, விலை உயர்ந்த முனையாயிற்றே என்று மிக மெதுவாக ஓட்டினால், இரும்பு இளகாமல் வெட்டு விசை கூடி முனை சிதறக்கூடும். ஆகவே இதற்கு நூறு மீட்டரையொட்டிய வேகமும் அதற்கு மேலும் பயன்படுகிறது. சரியான வேகம் என்பது இரும்பை மட்டும் பார்த்துச் சொல்லக்கூடியதன்று, கருவியையும் பார்த்துச் சொல்ல வேண்டியது.

ஊட்டத்தின் விளைவு

முடிவுத் துருவலில் பரப்பின் சொரசொரப்பை அதிகம் ஆள்வது ஊட்டம். முனையின் வளைவு பரப்பில் சிறு அலைகளை விட்டுச் செல்கிறது. அலையின் உயரம், ஊட்டத்தின் இருமடியை முனை ஆரத்தின் எட்டு மடங்கால் வகுத்தால் கிடைக்கும். முனை ஆரம் 0.8 மி.மீ., ஊட்டம் 0.2 மி.மீ. எனில் உயரம் 6.25 மைக்ரோமீட்டர். ஊட்டத்தை 0.1 ஆக்கினால் 1.6 மைக்ரோமீட்டருக்கும் குறைவு. ஊட்டம் பாதியானால் அலை கால்பங்காகிறது.

இது கணக்கில் வரும் அளவு மட்டுமே. உண்மையான பரப்பில் முனைத் தேய்மானம், அதிர்வு, கார்பைடுத் துகள்கள் பெயர்ந்த குழிகள் ஆகியவையும் சேரும். கட்டரின் ஒரு பல் மட்டும் மற்றவற்றைவிடக் கீழே இறங்கியிருந்தால், அந்த ஒரு பல்லின் தடமே பரப்பில் நிற்கும். அலைகளுக்கு இடையே உள்ள தூரம் பல் ஊட்டமாக இல்லாமல் முழுச் சுற்றின் ஊட்டமாகிவிடும். அப்போது ஊட்டத்தைக் குறைப்பதைவிட, இன்செர்ட்களைக் கழற்றி இருக்கையைத் துடைத்து, டயல் கேஜ் வைத்துப் பற்களைச் சமப்படுத்துவதே தீர்வு.

ஊட்டத்தைக் குறைத்துக்கொண்டே போனால் பரப்பு மேலும் மேலும் நன்றாக வருமா? வராது. கடின இரும்புக்கான முனைகள் சவரக்கத்தி போலக் கூர்மையாக இருப்பதில்லை. உடையாமல் இருக்க அவற்றின் விளிம்பு சற்றே மழுங்க உருட்டப்பட்டிருக்கும், அல்லது மிகச் சிறிய சரிவு கொடுக்கப்பட்டிருக்கும். சீவப்படும் துணுக்கின் தடிமன் இந்த மழுங்கலைவிடக் குறைந்தால் முனை இரும்புக்குள் நுழையாது. அழுத்தியபடி உராய்ந்து செல்லும். சூடு கூடும், தேய்மானம் கூடும், பரப்பு பளபளவென்று தெரிந்தாலும் அடியில் நசுங்கியிருக்கும்.

உராயும் தூரத்தையும் கணக்கிட வேண்டும். 400 மி.மீ. நீளமுள்ள பரப்பை 6 பல் கட்டரால் 0.12 மி.மீ. ஊட்டத்தில் துருவினால், ஒவ்வொரு பல்லும் சுமார் 555 முறை இரும்பில் பாய்கிறது. ஊட்டத்தை 0.06 ஆக்கினால் 1111 முறை. நீக்கப்படும் இரும்பு ஒன்றே, பல் படும் அடிகள் இரட்டிப்பு. கார்பைடுத் துகள்களில் உரசுவதே தேய்மானத்துக்கு முதற்காரணமாக இருக்கும் இந்த இரும்பில், பயந்து ஊட்டத்தைக் குறைப்பது சேமிப்பாகாது.

கட்டரின் சாய்கோணமும் இங்கே கவனிக்கத்தக்கது. வெட்டு விளிம்பு 45 பாகை சாய்ந்திருந்தால் துணுக்கின் தடிமன் ஊட்டத்தைப்போல் 0.7 மடங்குதான். 0.12 மி.மீ. ஊட்டத்தில் உண்மைத் தடிமன் சுமார் 0.085 மி.மீ. ஒரே துணுக்கு நீண்ட விளிம்பில் பரவுவதால் முனைக்குச் சுமை குறையும். கடின வார்ப்பிரும்புக்கு 45 பாகைக் கட்டர்களும் வட்ட இன்செர்ட்களும் விரும்பப்படுவது இதனால்தான்.

ஆழமும் அகலமும்

வெட்டு ஆழம் கருவி ஆயுளை வேகத்தைப் போல் பாதிப்பதில்லை. அதன் பாதிப்பு விசையிலும் அதிர்விலும் தெரியும். ஆழம் இரட்டித்தால் வெட்டு விசையும் ஏறக்குறைய இரட்டிக்கும். எந்திரமோ பிடிப்போ உறுதியாக இல்லையென்றால் அதிர்வு தொடங்கும். அதிர்வைக் கார்பைடு ஓரளவு தாங்கும், பீங்கான் முனையும் சி.பி.என். முனையும் தாங்கா.

கருவி வெளியே நீண்டிருக்கும் அளவும் இதில் சேரும். நீட்டம் இரண்டு மடங்கானால் அதே விசையில் வளைவு எட்டு மடங்காகும். ஆகவே அதிர்வு வந்தால் ஆழத்தைக் குறைக்கும் முன், கருவியை உள்ளே தள்ளிப் பிடிக்க முடியுமா என்று பார்க்க வேண்டும்.

முதல் வெட்டில் தனிக் கவனம் தேவை. வார்ப்படத்தின் மேல்தோலில் மணல் துகள்கள் ஒட்டியிருக்கும், ஆக்சைடும் இருக்கும், வேகமாகக் குளிர்ந்ததால் உட்பகுதியைவிடக் கடினமாகவும் இருக்கலாம். ஆழம் போதாமல் முனை இந்தத் தோலுக்குள்ளேயே ஓடினால், விளிம்பில் ஒரே இடத்தில் பள்ளம் விழுந்து உடையும். இடம் தரும்போதெல்லாம் முதல் வெட்டு தோலுக்குக் கீழே இறங்க வேண்டும். வெட்டும் முன் வார்ப்படத்தின் மணலை நன்றாக நீக்குவது முனைகளைக் காக்கும்.

அகலத்தைப் பொறுத்தவரை, முகத் துருவலில் கட்டர் விட்டம் பரப்பின் அகலத்தைவிடக் கால்பங்கு முதல் அரைப்பங்கு வரை கூடுதலாக இருப்பது நல்லது. கட்டரின் மையத்தைப் பரப்பின் நடுக்கோட்டிலிருந்து சற்றே விலக்கி வைத்தால் விசை இருபுறமும் மாறி மாறி இழுப்பது குறையும்.

வெட்டும் திசை

கட்டர் சுழலும் திசையிலேயே மேசை நகர்ந்தால் அது இறங்குமுகத் துருவல். ஒவ்வொரு பல்லும் தடித்த துணுக்கில் நுழைந்து மெல்லியதாக வெளியேறும். எதிர்த் திசையில் நகர்ந்தால் அது ஏறுமுகத் துருவல். பல் சுழியத் தடிமனில் தொடங்குவதால், வெட்டத் தொடங்கும் முன் சிறிது தூரம் உராய்ந்தே ஆக வேண்டும். கடின இரும்பில் இந்த உராய்வு கருவியைக் கெடுக்கும் என்பதால் இறங்குமுகமே பொது விதி.

இதற்கு இரண்டு விலக்குகள் உண்டு. மேசைத் திருகில் தளர்ச்சி உள்ள பழைய எந்திரத்தில் இறங்குமுகமாகத் துருவினால் கட்டர் மேசையைத் தன்பால் இழுத்துக்கொள்ளும். இது ஆபத்தானது. மற்றொன்று, மணல் படிந்த தோல் மிகக் கடினமாக இருந்தால், பல் உள்ளிருந்து வெளியே வந்து தோலை அடியிலிருந்து பெயர்க்கும் ஏறுமுகம் முதல் வெட்டுக்கு ஏற்றதாகலாம்.

விளிம்பு உடைதல்

வெல்லக்கட்டியைக் கத்தியால் சீவும்போது நடுவில் சீராக வந்து, முனைக்கு வந்ததும் ஒரு சில்லு பிய்ந்து விழுவதைப் பார்த்திருப்போம். வார்ப்பிரும்பும் நெகிழாத பொருள். கட்டர் வெளியேறும் விளிம்பில் பின்தாங்கல் இல்லாததால் இரும்பு வெட்டுப்படாமல் உடைகிறது. முந்தைய வேலை எல்லாம் முடிந்த வார்ப்படத்தில், கடைசி வெட்டில் விளிம்பு உடைந்தால் அதை ஒட்டவைக்க வழியில்லை. கடின வார்ப்பிரும்பைப் பற்றவைப்பதும் மிகக் கடினம். முழு வார்ப்படமும் பயனற்றுப் போகலாம்.

இதைத் தவிர்க்க நடைமுறையில் கையாளும் வழிகள்:

வெளியேறும் விளிம்பை முன்கூட்டியே சாய்வாகச் சீவிவிடுவது.

விளிம்பை நெருங்கும்போது மட்டும் ஊட்டத்தைக் குறைப்பது. உராய்வு எல்லைக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

90 பாகைக் கட்டருக்குப் பதில் 45 பாகைக் கட்டரைப் பயன்படுத்துவது.

தேய்ந்த முனையை உடனே மாற்றுவது. தேய்ந்த முனை வெட்டுவதைவிடத் தள்ளுவதே அதிகம்.

விளிம்பைத் தாங்க வேறொரு இரும்புத் துண்டை ஒட்டி வைத்துப் பிடிப்பது.

குளிர்நீர் வேண்டுமா

துருவலில் ஒவ்வொரு பல்லும் சுற்றின் ஒரு பகுதியில் வெட்டிச் சூடேறுகிறது, மறுபகுதியில் காற்றில் ஆறுகிறது. அப்போது குளிர்நீர் பட்டால் சூட்டின் ஏற்ற இறக்கம் மேலும் பெரிதாகும். அதனால் விளிம்புக்குச் செங்குத்தாகச் சீப்புப் பல் போன்ற விரிசல்கள் தோன்றும். எனவே கடின வார்ப்பிரும்பைப் பெரும்பாலும் உலர்வாகவே துருவுகின்றனர். துணுக்குகளை நீக்கக் காற்று போதும்.

உலர்வாகத் துருவும்போது நுண்ணிய இரும்புத் தூளும் கிராஃபைட்டும், சில நேரம் மணலின் சிலிக்காவும் பறக்கும். சிலிக்காத் தூசி நுரையீரலுக்குக் கேடு. அழுத்தக் காற்றால் தூசியை ஊதிவிடாமல் உறிஞ்சி எடுப்பதும், மூக்கு மூடியும் கண்ணாடியும் அணிவதும் கட்டாயம். இந்தத் தூள் எந்திரத்தின் சறுக்குத் தடங்களில் புகுந்தால் அவற்றையும் தேய்த்துவிடும்.

ஒரு கணக்கு

70 மி.மீ. அகலமும் 400 மி.மீ. நீளமும் உள்ள பரப்பில் 1.5 மி.மீ. நீக்க வேண்டும். கட்டர் விட்டம் 100 மி.மீ., பற்கள் 6, பல் ஊட்டம் 0.12 மி.மீ. கட்டர் முழுவதும் கடந்து செல்ல மேசை 500 மி.மீ. நகர வேண்டும்.

கார்பைடு முனை: வேகம் 30 மீ/நிமிடம், ஆழம் 1.5 மி.மீ. சுழற்சி சுமார் 95. மேசை வேகம் நிமிடத்துக்குச் சுமார் 68 மி.மீ. ஒரே தடவையில் முடிக்க 7.3 நிமிடம்.

சி.பி.என். முனை: வேகம் 120 மீ/நிமிடம், ஆழம் 0.5 மி.மீ. சுழற்சி சுமார் 382. மேசை வேகம் நிமிடத்துக்கு 275 மி.மீ. மூன்று தடவைக்கு 5.5 நிமிடம்.

மூன்றில் ஒரு பங்கு ஆழத்தில் மூன்று முறை ஓடியும் சி.பி.என். முந்துகிறது. ஆனால் இந்த முனையின் விலை கார்பைடைப்போல் பல மடங்கு. எந்திரம் உறுதியில்லாமல் ஒரு முனை சிதறினால் சேமித்த நேரத்தின் பயன் போய்விடும். அதோடு 0.5 மி.மீ. ஆழம் தோலைத் தாண்டாத வார்ப்படத்தில், முதல் வெட்டைக் கார்பைடால் ஆழமாக எடுத்துவிட்டு மீதியைச் சி.பி.என். முனையால் முடிப்பதே அறிவுடைமை.

உயர் குரோமிய வார்ப்படங்களில் வேறொரு வழியும் உண்டு. வெப்பப் பதனத்தால் முதலில் இளக்கி, பெரும்பகுதி துருவலை அந்த நிலையில் முடித்து, பிறகு கடினப்படுத்துவர். கடினமான பின் மிகச் சிறிய அளவே சீவ வேண்டியிருக்கும்.

மாணவர்கள் செய்யும் சோதனை

பொறியியல், பாலிடெக்னிக் மாணவர்கள் இத்தலைப்பைத் திட்டப்பணியாக எடுப்பதுண்டு. வேகம், ஊட்டம், ஆழம் ஒவ்வொன்றுக்கும் மூன்று அளவுகள் வைத்தால் 27 சோதனைகள் தேவை. ஜப்பானியப் பொறியாளர் கெனிச்சி தகுச்சியின் பெயரால் அறியப்படும் முறையில் எல்-9 அட்டவணையைப் பயன்படுத்தி 9 சோதனைகளிலேயே முதன்மை விளைவுகளை மதிப்பிடலாம். எனினும் இரண்டு நிலைமைகள் சேர்ந்து உண்டாக்கும் கூட்டு விளைவை இந்த 9 சோதனைகள் தனியே பிரித்துக் காட்டா.

சில எச்சரிக்கைகள் பயன்படும். ஒவ்வொரு சோதனைக்கும் புதிய முனையைப் பயன்படுத்த வேண்டும். இல்லையெனில் கடைசிச் சோதனைகளின் சொரசொரப்பு ஊட்டத்தால் வந்ததா, தேய்மானத்தால் வந்ததா என்று சொல்ல முடியாது. வார்ப்படத்தின் கடினத்தைப் பல இடங்களில் அளந்து குறிக்க வேண்டும், ஏனெனில் ஒரே துண்டில் ஓரமும் நடுவும் வேறுபடும். சோதனைகளின் வரிசையைக் குலுக்கிப்போட்டு அமைக்க வேண்டும். முனையின் பக்கத் தேய்மானம் 0.3 மி.மீ. ஆனால் ஆயுள் முடிந்தது என்பது பரவலாகக் கொள்ளப்படும் எல்லை. முடிவுத் துருவலுக்கு இதைவிடக் குறைந்த எல்லையே பொருத்தம்.

அறிகுறியும் தீர்வும்

முனை சீராக, ஆனால் வேகமாகத் தேய்கிறது: வெட்டு வேகத்தைக் குறைக்கவும், அல்லது கடினமான முனைக்கு மாறவும். ஊட்டம் மிகக் குறைவாக உள்ளதா என்றும் பார்க்கவும்.

முனை சிறு சில்லுகளாக உடைகிறது: பிடிப்பு, நீட்டம், பற்களின் சமநிலை ஆகியவற்றைச் சரிபார்க்கவும். பிறகு ஊட்டத்தைக் குறைக்கவும். சி.பி.என். முனையாக இருந்தால் வேகம் மிகக் குறைவா என்றும் பார்க்கவும்.

விளிம்பில் ஒரே இடத்தில் பள்ளம் விழுகிறது: ஆழத்தை மாற்றித் தோலுக்குக் கீழே இறங்கவும்.

விளிம்பில் சீப்பு போன்ற விரிசல்: குளிர்நீரை நிறுத்தவும்.

பரப்பு பளபளப்பாக, ஆனால் கீச்சொலியுடன் வருகிறது: முனை உராய்கிறது. ஊட்டத்தைக் கூட்டவும், அல்லது முனையை மாற்றவும்.

நிலைமைகளை அமைக்கும் வரிசை

முதலில் வார்ப்படத்தின் கடினத்தை அளந்து, அதற்கேற்ற கருவியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அடுத்து, தோலையும் எந்திரத்தின் உறுதியையும் பார்த்து ஆழத்தைத் தீர்மானிக்க வேண்டும். பிறகு, உராய்வு எல்லைக்கு மேலும் சொரசொரப்பு எல்லைக்குக் கீழும் அமையும்படி ஊட்டத்தை வைக்க வேண்டும். முனை போதிய நேரம் உழைக்கும்படி வெட்டு வேகத்தைக் கடைசியாக அமைக்க வேண்டும். முனை சீராகத் தேய்ந்து சிக்கல் வரும்போதும் முதலில் மாற்ற வேண்டியது வேகத்தையே. மற்ற சிக்கல்களுக்கு அறிகுறியைப் பார்த்து, ஒரு நேரத்தில் ஒரு நிலைமையை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் ஒருசேரக் குறைத்தால் சத்தம் அடங்கலாம், ஆனால் எது காரணமாக இருந்தது என்று தெரியாமலே போய்விடும்.